அடித்தது புருண்டி, சம்பாதித்தது ஐரோப்பா: 'பவ் வவ் வவ்' டிரம் சத்தத்தின் பின்னணி என்ன?

1980-களின் ஆங்கிலப் பாட்டு கேட்பவர்களுக்கு 'ஐ வாண்ட் கேண்டி' தெரிந்திருக்கும். 2006-ல் வந்த 'மேரி ஆன்டனெட்' படத்திலும் இந்தப் பாட்டு உண்டு. பாடியது 'பவ் வவ் வவ்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழு. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், 'லொள் லொள்'! பெயர்தான் விளையாட்டு. அந்தக் குழு கையில் எடுத்த தாளத்தின் கதை அப்படி இல்லை.

யார் இந்தக் குழு?

1980-ல் லண்டனில் இதை உருவாக்கியவர் மால்கம் மெக்லாரன். 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் குழுவின் மேனேஜராக இருந்தவர். 'ஆடம் அண்ட் தி ஆன்ட்ஸ்' குழுவில் இருந்த மூன்று பேரை அப்படியே இழுத்துக்கொண்டு வந்து, பாடுவதற்கு அனபெல்லா லுவினைச் சேர்த்தார். ரங்கூனில் பிறந்த அனபெல்லாவுக்கு அப்போது வயது 13. சலவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டவர்.

அதே ஆண்டு வந்த முதல் பாட்டு, ரேடியோவில் வருவதை கேசட்டில் பதிவு பண்ணிக்கொள்வதைக் கொண்டாடியது. காசு கொடுத்து ரெக்கார்டு வாங்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். கேசட்டிலேயே சிங்கிளாக வெளியிட்டார்கள். மறுபக்கத்தைக் காலியாக விட்டார்கள், நீங்களே பதிவு பண்ணிக்கலாம் என்று! அடுத்த வருடமே, வீட்டில் டேப் செய்வது இசையைக் கொல்கிறது என பிரிட்டிஷ் ரெக்கார்டு கம்பெனிகள் பிரசாரம் தொடங்கின.

சரி, அந்த டிரம் எங்கிருந்து வந்தது?

பங்க் என்றால் வேகமான கிட்டார், கத்தல், நேரான டிரம். இங்கே டிரம்மர் டேவ் பார்பரோசா அடித்தது வேறு மாதிரி. டாம் டிரம்களில் இடைவிடாமல் உருளும் அடி. அதுதான் 'புருண்டி பீட்'. (மேலே சொன்ன 'ஐ வாண்ட் கேண்டி' தாளம் மட்டும் இதில் சேராது. அது அமெரிக்காவின் போ டிட்லி வழி வந்தது. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

புருண்டி, கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள சின்ன நாடு. அங்கே 'இங்கோமா' என்ற ஒரே சொல்லுக்கு முரசு என்றும் அரசு என்றும் பொருள். மரத்தைக் குடைந்து மாட்டுத் தோல் போர்த்திய பெரிய முரசுகள் அவை. நடுவில் ஒருவர் வழிநடத்த, ஒரு பகுதியினர் தாளத்தை நிறுத்தாமல் பிடிக்க, மற்றவர்கள் நடுமுரசைப் பின்தொடர்வார்கள். அரசரின் முக்கிய நிகழ்வுகளுக்கு முழங்கிய வாத்தியம். 1966-ல் முடியாட்சி போனது, முரசு போகவில்லை.

1967-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஒலிப்பதிவாளர்கள் அங்கே போய்ப் பதிவு செய்ததை 'ஒகோரா' நிறுவனம் வெளியிட்டது. 1971-ல் பிரான்ஸில் ஒருவர் அந்தப் பதிவின் மேல் கிட்டாரும் கீபோர்டும் சேர்த்து 'புருண்டி பிளாக்' என்று சிங்கிள் போட்டார். 1975-ல் ஜோனி மிட்செல் அந்த முரசொலியை 'தி ஜங்கிள் லைன்' பாட்டில் பயன்படுத்தினார். 1980-ல் 'ஆடம் அண்ட் தி ஆன்ட்ஸ்', 'பவ் வவ் வவ்' என இரண்டு குழுக்களுமே அதே தாளத்தோடு வந்தன.

முரசு அடித்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஒன்றும் இல்லை. பாட்டு எழுதியவருக்கு ஒரு உரிமை, பதிவு செய்தவருக்கு ஒரு உரிமை என்று காப்புரிமைச் சட்டம் பிரிக்கிறது. தலைமுறை தலைமுறையாக வந்த தாளத்துக்கு 'எழுதியவர்' என்று யார் பெயரைப் போடுவது? யார் பெயரும் இல்லாத இடத்தில், மேலே கிட்டார் சேர்த்தவர் பெயர் உட்கார்ந்துகொண்டது. 1981-லேயே இதை நியூயார்க் டைம்ஸில் சுட்டிக்காட்டினார் இசை விமர்சகர் ராபர்ட் பால்மர். இன்னொன்று, வெறும் தாளத்துக்குக் காப்புரிமை கோருவது பொதுவாகவே கஷ்டம். அதனால் 'பவ் வவ் வவ்' செய்ததைச் சட்டப்படி திருட்டு என்று சொல்லிவிட முடியாது. ஒலிப்பதிவையே எடுத்து விற்றவர்கள் கதை வேறு. நாட்டார் கலைகளை நிகழ்த்துபவர்களும் 'கலைஞர்கள்'தான் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் சொன்னது 1996-ல்தான்.

டேப் பண்ணிக்கோங்க என்று பாடிய குழுவிடம் இதைப் பேசினால் சிரிப்பார்களோ என்னவோ. ஆனால் பெரிய கம்பெனி ரெக்கார்டை ஒரு பள்ளி மாணவன் டேப் செய்வதும், கிராமத்துக் கலைஞர்களின் அடியை வைத்து ஐரோப்பாவில் ஹிட் கொடுப்பதும் ஒன்றா?

குழுவுக்குள்ளும் இதே கதைதான். 14 வயது அனபெல்லாவை வைத்து எடுக்கக் கூடாத ஒரு படத்தை ஆல்பம் அட்டைக்காக எடுத்தார்கள். அம்மா போலீஸில் புகார் கொடுத்தார். 1982-ல் இரண்டு பாட்டுகள் பிரிட்டனில் டாப் 10-க்குள் வந்தன. அடுத்த ஆண்டே அனபெல்லா வெளியேற்றப்பட்டார்.

புருண்டியின் அரச முரசு நடனத்தை 2014-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2017-ல் புருண்டி அரசு ஓர் ஆணை போட்டது: குழுக்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், பெண்கள் முரசு அடிக்கக் கூடாது.