நாலு சில்லும் இழுத்தாலும்

திருகோணமலைப் பக்கம் வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டும் ஜீப்பில், பழக்கமில்லாத கை முதலில் தடுமாறுவது கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கம்பியில். பழைய மாதிரி ஜீப்புகள் பலவற்றில் சாதாரண ஓட்டத்துக்குப் பின்சில்லுகள் மட்டுமே இழுக்கும். அந்தக் கம்பியை மாற்றினால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓடவேண்டும். மணலிலும் கிறவலிலும் இந்த வித்தியாசம் சறுக்கித் தீரும். தார் வீதியில் சறுக்க வழியில்லாமல் முறுக்கு பற்சக்கரங்களில் ஏறும், ஸ்டியரிங்கும் இறுகும். இன்னொரு மயக்கமும் உண்டு. நாலு சில்லும் இழுப்பது கிளம்புவதற்குத்தான் உதவி. பிரேக் எந்தக் காரிலும் நாலு சில்லிலும்தான் பிடிக்கிறது. நிற்கும் தூரம் ஒரு அங்குலமும் குறையாது.

அந்தத் தூரத்தின் அருமை தெரிவது ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக வரும் ஏ6 வீதியில். பொழுது பட்டால் காட்டு யானைகள் குறுக்கே வரும் பாதை அது. மணிக்கு 70 கிலோமீற்றரில் போகும் சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி எடுத்தால் அதற்குள் வண்டி 29 மீற்றர் ஓடியிருக்கும். உலர்ந்த தாரிலும் நிற்க இன்னும் 27 மீற்றர் வேண்டும். 50இல் ஓடினால் மொத்தம் 35 மீற்றரில் நின்றுவிடும். தாழ்த்திய விளக்கு தெளிவாகக் காட்டுவதோ 40, 50 மீற்றர். அதுவும் யானையின் கால் உயரத்துக்குத்தான். இருட்டில் தாரின் நிறமும் யானையின் நிறமும் ஒன்றுதான்.

நகரத்துக்குள் வந்தால் பிரட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள். மானுக்காகச் சட்டென்று வெட்டித் திருப்பும்போது காரைவிட ஜீப் எளிதில் கவிழும். இரு சில்லுகளுக்கு இடையிலுள்ள அகலத்தைப் புவியீர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் காருக்கு 1.3 முதல் 1.5 வரை வரும். உயரமான ஜீப்புக்கு அது 1க்கு அருகே இறங்கிவிடும். கூரையில் சாமான் கட்டினால் இன்னும் குறையும்.

நிலாவெளியிலும் குச்சவெளியிலும் மணலைக் கண்டதும் வண்டியை இறக்க ஆசை வரும். வாடகை ஒப்பந்தங்களும் காப்புறுதியும் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. முதலில் அந்தத் தாளைப் படிப்பது நல்லது. 1,800 கிலோ வண்டியில் ஒரு சில்லின் மேல் ஏறக்குறைய 450 கிலோ. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் மணலைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்ரிமீற்றர், ஒரு கையகலம். காற்றை 16க்கு இறக்கினால் பரப்பு இரட்டிக்கும், அழுத்தம் பாதியாகும், வண்டி மணலின் மேலாகவே போகும். அதே டயரோடு தார் வீதியில் ஏறினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கக்கூடும். காற்றடிக்கும் கருவி கையில் இல்லையென்றால் காற்றை இறக்கவே கூடாது.

கடல் வற்றும்வரை காத்திருந்து ஈரமணலில் ஓட்டும் அவுஸ்திரேலிய யோசனையும் இங்கே எடுபடாது. திருகோணமலையில் ஏற்றவற்று ஒரு மீற்றருக்கும் குறைவு. இறுகிய ஈரமணல் ஒரு ஒடுங்கிய கீற்றுத்தான். மேலே போனால் பொலபொலத்த மணல், கீழே அலை. இடையில் கரைவலைக் கயிறும் கிடக்கும். புதைந்த சில்லை முறுக்க முறுக்க அது தனக்குக் குழிதான் தோண்டும். சில்லைச் சுற்றியுள்ள மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே மெல்லப் பின்வாங்குவதே வழி.

மாரியில் தண்ணீர்தான் ஆபத்து. கிண்ணியாவில் முன்பு மிதவைப் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். 2009இல் பாலம் வந்தது. மூதூர், வெருகல் வழியாகப் போகும் பிரதான வீதியிலும் இப்போது பாலங்கள் இருக்கின்றன. சேருவில, வெருகல் பக்கத்துக் கிளை வீதிகளில் வெள்ளம் குறுக்கே பாயும். ஜீப்பின் அடித்தளம் 7 சதுர மீற்றர் என்றால், தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் தண்ணீரும் 700 கிலோவைத் தூக்கும். 25 சென்ரிமீற்றரில் வண்டியின் எடையை ஏறக்குறைய முழுவதுமே தண்ணீர் தாங்கிவிடும். நீர் உள்ளே புகுந்து நிரம்பச் சிறிது நேரமாகும். அதற்குள் நீரோட்டம் வண்டியைத் தள்ளிவிடும். முன்னால் நடந்து ஆழம் பார்க்கும்படி வழிகாட்டி நூல்கள் சொல்லும். மகாவலி ஆற்று முதலைகளுக்கு அந்த நூல்கள் தெரியாது. அடி தெரியாத தண்ணீர் என்றால் வண்டியைத் திருப்பிக் கந்தளாய் வழியாகச் சுற்றிப் போகவேண்டியதுதான், ஒரு பகல் போனாலும்.