கறுப்பு வெள்ளைப் படத்தில் கரையும் உடலும்

நமது மாத இதழ் கறுப்பு மை ஒன்றினாலேயே அச்சாகின்றது. அங்கத்தினர்கள் கைப்பேசியில் எடுத்தனுப்பும் படங்களோ வண்ணப் படங்கள். அரக்கு உடலும் பச்சைக் கரையும் கொண்ட கோர்வைச் சேலையொன்று இதழில் வெளிவரும்போது, உடல் எது, கரை எது என்று பிரித்தறிய இயலாதபடி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றுவதை நேயர்கள் கண்டிருக்கலாம். மூன்று நாடாக்களை ஓட்டி, துணையாளுடன் அமர்ந்து நெய்த கோர்வையின் சிறப்பு முழுவதும் அச்சில் மறைந்துவிடுகின்றது. சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில் ‘பச்சைக் கரை’ என்று எழுதியிருக்க, படத்தில் கரையே காணோம்!

இதற்கு அச்சகத்தாரைக் குறை கூறுவது வழக்கம். குறை பெரும்பாலும் அவர்களுடையதன்று. கைப்பேசிப் படம் கணக்கற்ற புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். வண்ணத்தை நீக்கும்போது, சிவப்பில் நூற்றுக்கு 30 பங்கும், பச்சையில் 59 பங்கும், நீலத்தில் 11 பங்கும் எடுத்துக் கூட்டுவது பொதுவான முறைகளுள் ஒன்று. மனிதக் கண்ணுக்குப் பச்சையே மிகுந்த பிரகாசமாகத் தோன்றுவதால் அதற்குப் பெரும் பங்கு கொடுத்தனர்.

நமது சேலையின் உடலுக்கு 200, 30, 40 என்றும், கரைக்கு 20, 120, 60 என்றும் எண்கள் இருப்பதாகக் கொள்வோம். மேற்கூறிய கணக்கின்படி உடலுக்கு 82 வரும். கரைக்கு 83 வரும். நிறத்தால் எதிரெதிரான இரண்டும் வெளிச்சத்தால் ஒன்றாகிவிட்டன. இவ்விரண்டையும் எந்த அச்சகமும் பிரித்துக் காட்ட இயலாது.

இனிப் பங்கினை மாற்றிப் பார்ப்போம். சிவப்பு 60, பச்சை 40, நீலம் 0 என்று வைத்தால், உடல் 132 ஆகவும் கரை 60 ஆகவும் மாறும். கரை தெளிவாகத் தெரியும். சிவப்பை மாத்திரம் கொண்டால் 200-க்கும் 20-க்கும் உள்ள வேற்றுமை கிட்டும். ஆனால் அப்போது அரக்குச் சேலை வெளிர்ச் சேலை போல் ஆகிவிடும், அது தகாது. ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளில் ‘மோனோ மிக்சர்’ என்ற பகுதி இதற்கென்றே உள்ளது. கைப்பேசியில் ஸ்னாப்சீட் செயலியின் கறுப்பு வெள்ளைப் பகுதியிலும் வண்ணக் கண்ணாடிகளைத் தேர்ந்தெடுக்கலாம். பிலிம் காலத்தில் லென்சின் முன்னே மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியை வைத்து நீல வானத்தைக் கருமையாக்கி மேகத்தை எடுத்துக்காட்டியதும் இதே தத்துவத்தினால்தான்.

இரண்டாவது தொல்லை வெளிச்ச வீச்சு பற்றியது. குழித்தறி வீட்டினுள்ளே இருக்கின்றது. வாசலில் நண்பகல் வெயில். வெயிலின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ் என்றால், தறியருகே 100 லக்ஸ் இருப்பதே அரிது. இந்த ஆயிரம் மடங்கு வேற்றுமையைக் கண் சமாளிக்கும். காகிதத்தால் அது இயலாது. ஆகவே நெசவாளர் முகம் தெரிந்தால் வாசல் வெண்மையாகப் பொங்கிவிடும். வாசல் தெரிந்தால் முகம் இருண்டுவிடும்.

இத்தொல்லை பழமையானது. 1850-களில் பிரான்ஸ் தேசத்துக் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு வேறொரு நெகடிவும் எடுத்து இணைத்து அச்சிட்டார். பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர், வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களிலிருந்து காட்சியின் உண்மையான வெளிச்சத்தைக் கணக்கிடும் முறையை 1997-ல் வெளியிட்டனர். மாலிக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர். இன்றைய கைப்பேசிகளில் ‘ஹெச்.டி.ஆர்.’ என்று காணப்படுவது, நொடிப்பொழுதில் சில படங்களை எடுத்து ஒன்றாக்கும் ஏற்பாடே. ஓடும் நாடாவை இம்முறையில் எடுத்தால் அது இரட்டையாகத் தோன்றக்கூடும். தறியை நிறுத்தி எடுப்பது நலம்.

இவ்வாறு எடுத்த படம் பெரும்பாலும் சப்பென்றிருக்கும். அதைக் கண்டு சிலர் எல்லாவற்றையும் அளவுக்கு மீறி ஏற்றிவிடுகின்றனர். நெற்பயிரைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுகின்றது. மேகம் கரிப்புகை போலாகின்றது. இது நமக்கு உடன்பாடன்று. முதலில் ‘ஹைலைட்ஸ்’ என்பதைச் சிறிது குறைத்து, ‘ஷேடோஸ்’ என்பதைச் சிறிது உயர்த்துக. பின்னர் ‘கான்ட்ராஸ்ட்’ சற்றுக் கூட்டுக. அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 1940-ஐ ஒட்டி முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை 11 படிகளை வகுத்தார். படத்தில் உண்மையான கறுப்பு ஓரிடத்திலும் உண்மையான வெள்ளை ஓரிடத்திலும் இருத்தல் வேண்டும். முக்கியமான பொருள் இடைப்படிகளில் அமைய வேண்டும். நமது இதழின் தாளில் மை சிறிது பரவுவதால், இருண்ட பகுதிகளைத் திரையில் நன்றாகத் தோன்றுவதைவிட ஒரு படி வெளிச்சமாக வைத்தனுப்புக.

வெள்ளை வேட்டிக்குத் தனி எச்சரிக்கை தேவை. காமிரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். ஆகவே வேட்டி அழுக்கேறியது போல் விழும். எடுக்கும்போதே வெளிச்சத்தை ஒரு மடங்கு கூட்டுக. ஆயினும் சரிகைக் கரை வெளுத்துப் போகாதபடி பார்த்துக்கொள்க.

விற்பனைக்கான வண்ணப் படங்களில் திருத்தத்துக்கு எல்லை உண்டு. சேலையின் அருகே வெள்ளைத் தாளொன்றை வைத்து எடுத்து, தாள் வெண்மையாகத் தோன்றுமாறு நிறத்தைச் சரிசெய்தால் போதும். ‘சாச்சுரேஷன்’ என்பதைத் தொடவே வேண்டாம். படத்தில் மயில் கழுத்து நிறமாக மின்னிய சேலை பெட்டியைப் பிரித்ததும் மங்கலாக இருந்தால், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அதன் அஞ்சல் செலவு சங்கத்தின் நஷ்டக் கணக்கில் ஏறும். நெய்தவருடைய கூலியும் தாமதப்படும்.

பயிர்ச் சேதத்துக்குச் சான்றாக அனுப்பும் படத்தில் எத்திருத்தமும் கூடாது, வெளிச்சத்தைக்கூட மாற்றலாகாது. எடுத்த நேரமும், இட வசதி இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடமும் மூலப் படத்திலேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அப்பதிவு நீங்கிவிடும். கோப்பாக, அதாவது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் நீங்காது. இதழுக்கு அனுப்புவோரும் அவ்வாறே மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். சேலைப் படமாயின் உடல், கரை, முந்தி ஆகியவற்றின் நிறங்களையும் ஒரு வரியில் குறித்தனுப்புக.