லைஃப்டைம் லைசென்ஸ்னா யாரோட லைஃப்?

கல்ச்சுரல்ஸ் முடிஞ்ச கையோட காலேஜ் குரூப்ல வருஷாவருஷம் ஒரே கேள்வி வரும்: "ப்ரோ, மியூசிக் பண்ண எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" எது நல்லா இருக்கும்னு பத்து பேர் பதில் சொல்வாங்க. மாசாமாசம் காசு கட்டுறதா, ஒரே தடவை கட்டி முடிச்சிடறதா என்ற கேள்விக்கு மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அதைப் பத்தித்தான் இது.

முதல்ல பேர்களைத் தெரிஞ்சுக்கலாம். பாட்டை ரெக்கார்ட் பண்ணி, அடுக்கி, மிக்ஸ் பண்ற முக்கிய சாஃப்ட்வேரை 'டா' என்பாங்க (அது சுருக்கப் பேர், யாரையும் மரியாதை இல்லாம கூப்பிடலை). அதுக்குள்ள மாட்டுற சின்னச் சின்ன கருவிகள்தான் பிளகின்கள். ரெண்டுக்கும் தனித்தனியா லைசென்ஸ் உண்டு. இது பின்னாடி முக்கியமான விஷயமா வரும்.

'லைஃப்டைம்'னு நாம பொதுவா சொல்றதுல ரெண்டு வகை கலந்து கிடக்கு. ஒண்ணு, எஃப்எல் ஸ்டுடியோ மாதிரி. பெல்ஜியம் நாட்டு இமேஜ்-லைன் கம்பெனி 1997-ல ஃப்ரூட்டிலூப்ஸ்னு ஆரம்பிச்ச அதே சாஃப்ட்வேர்தான். ஒரு தடவை வாங்கினா அதுக்கப்புறம் வர்ற எல்லா வெர்ஷனும் இலவசம். (ரொம்ப விலை குறைவான ஃப்ரூட்டி எடிஷனை வாங்கிட்டு மைக் மாட்டாதீங்க. அதுல குரல் ரெக்கார்ட் பண்ற வசதியே கிடையாது.) இன்னொண்ணு, ரீப்பர் மாதிரி. தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். வெர்ஷன் 7-ல வாங்கினா 8.99 வரைக்கும் அப்டேட் வரும். அதுக்கு மேல வேணும்னா மறுபடி வாங்கணும், வேண்டாம்னா பழையதே ஓடிக்கிட்டு இருக்கும். முதல் வகைல புதுசு எல்லாம் உங்களுக்கு வரும். ரெண்டாவது வகைல வாங்கினது உங்ககிட்ட இருக்கும், அவ்வளவுதான். மூணாவதா சப்ஸ்கிரிப்ஷன். கட்டுற வரைக்கும் திறக்கும்.

எங்க ஊர் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுல, குடவோலையில தேர்வான வாரிய உறுப்பினருக்குப் பதவிக்காலம் 360 நாள்னு செதுக்கி வெச்சிருக்காங்க. முதலாம் பராந்தகச் சோழன் காலம், ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆன்யுவல் பிளான் எங்களுக்குப் புதுசு இல்லை. ஆனா அங்க ஆட்டோ-ரினியூவல் கிடையாது. ஒரு தடவை இருந்தவர் அடுத்த மூணு வருஷம் நிக்கவே முடியாது.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். மாசம் 10 டாலர் சப்ஸ்கிரிப்ஷன், 180 டாலர் லைஃப்டைம்னு வெச்சுக்கலாம். பதினெட்டாவது மாசம் ரெண்டும் சமம். டாலர் 90 ரூபாய்னு போட்டா மாசம் 900, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 1,062. வருஷத்துக்கு 12,744. நாலு வருஷ பி.இ.-க்கு அம்பதாயிரத்தைத் தாண்டிடும். இதே கணக்குல லைஃப்டைம் 19,116.

ஆனா இந்தக் கணக்கு பாதி உண்மைதான். நாம வருஷம் முழுக்கவா மியூசிக் பண்றோம்? நவம்பர், டிசம்பர் செமஸ்டர் எக்ஸாம்ல ஒரு மாசம் போயிடும். மறுபடி ஏப்ரல், மே. நடுவுல பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஆடி மாசம் ஊர்த் திருவிழாவுக்கு நாலு பாட்டு, சீனியர் ஷார்ட் ஃபிலிமுக்கு ஒரு பிஜிஎம், அப்புறம் ரெண்டு மாசம் லேப்டாப்ல அந்த ஐகானையே தொட்டிருக்க மாட்டோம். தொடாத மாசத்துக்கும் 1,062 ரூபாய் போகும். அதனால ஒரு வருஷத்துல எத்தனை மாசம் நிஜமாவே திறந்தீங்கன்னு எண்ணிப் பாருங்க. நாலு மாசம்தான்னா, பயன்படுத்தின ஒவ்வொரு மாசத்துக்கும் நீங்க கொடுத்தது மூவாயிரத்துக்கு மேல.

கார்டு இன்னொரு தலைவலி. 2020 மார்ச்சிலிருந்து புதுசா கொடுக்கிற டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃப்லதான் வரும், பேங்க் ஆப்ல போய் நாமளே ஆன் பண்ணணும். 2021 அக்டோபர் 1-லிருந்து ரிசர்வ் வங்கியோட ஆட்டோ-டெபிட் விதி வேற. காசு எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க் தகவல் அனுப்பணும், முதல் தடவை ஓடிபி போட்டு சம்மதிக்கணும். இந்த விதி நமக்கு நல்லதுதான், தெரியாம காசு போகாது. ஆனா அதுக்கு ஏத்த மாதிரி மாறாத வெளிநாட்டுக் கம்பெனிகள்ல நம்ம கார்டு அப்படியே ஃபெயில் ஆகும். ரினியூவல் தேதி அன்னைக்கு அக்கவுன்ட்ல 300 ரூபாய் இருந்தாலும் அதே கதைதான். அடுத்த நாள் காலைல ப்ராஜெக்ட் திறக்காது.

இப்போதான் உண்மையான விஷயத்துக்கு வர்றோம். கட்டுறதை நிறுத்தினா உங்க பாட்டு என்ன ஆகும்?

என் கூடப் படிக்கிற ஒருத்தன், எங்க ஊர்ப் பக்கம்தான், அவங்க தாத்தா கூத்துல வேஷம் கட்டினவர். அவர் பாடினதை ரெண்டு லீவுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கான். குரல் தனி டிராக், ஆர்மோனியம் தனி, மிருதங்கம் தனி, தாளம் தனி. தாத்தாவுக்கு இப்போ அந்தக் குரல் இல்லை. அவன் வெச்சிருக்கிறது மாணவர் சலுகைல எடுத்த சப்ஸ்கிரிப்ஷன். மே மாசம் நாங்க வெளியே போறோம். மாணவர் சலுகை மாணவனா இருக்கிற வரைக்கும்தான். அதுக்கப்புறம் முழு விலை கட்டணும், இல்லைன்னா அந்த டிராக்குகளைத் தனித்தனியா தொட முடியாது. அவனுக்கு வேலை கிடைச்சா பரவாயில்லை. ஜாயினிங் டேட் தள்ளிப்போனா?

எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி கதவைச் சாத்துறதில்லை. ப்ரோ டூல்ஸ்ல இன்ட்ரோன்னு ஒரு இலவச எடிஷன் இருக்கு. ஆனா ஆடியோ டிராக் எட்டுதான். பத்து டிராக் வெச்சு மிக்ஸ் பண்ணவனுக்கு அது பத்தாது. பிளகின்ல இன்னும் மோசம். டா லைஃப்டைமா இருக்கும், உள்ள இருக்கிற ரிவெர்ப் சப்ஸ்கிரிப்ஷனா இருக்கும். ப்ராஜெக்ட் திறக்கும், ஆனா அந்த இடத்துல மட்டும் ஊமை. அதனாலதான் ரெண்டுக்கும் தனித்தனி லைசென்ஸ்னு ஆரம்பத்திலயே சொன்னேன்.

அப்போ லைஃப்டைம் வாங்கிட்டா நிம்மதியா? அதுவும் இல்லை. கேக்வாக் கம்பெனி 2016-ல சோனார் பிளாட்டினம் வாங்கினவங்களுக்கு வாழ்நாள் முழுக்க அப்டேட்னு ஒரு ஆஃபர் கொடுத்தாங்க. அப்போ கேக்வாக் கிப்சன் கைல இருந்துச்சு, கிட்டார் பண்ற அதே கிப்சன். 2017 நவம்பர்ல கிப்சன் சோனார் வேலையையே நிறுத்திட்டாங்க. வாழ்நாள் ஒன்றரை வருஷத்துல முடிஞ்சு போச்சு. 2018-ல சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமா விட்டது வேற கதை. காசு கட்டினவங்களுக்கு அது ஆறுதலா, எரிச்சலான்னு தெரியலை. ஒண்ணு மட்டும் கவனிங்க: ஏற்கனவே கம்ப்யூட்டர்ல இருந்த சோனார் தொடர்ந்து ஓடிச்சு. நின்னுபோனது அப்டேட்தான்.

கம்பெனி உயிரோட இருந்தாலும் மனசு மாறலாம். பிளகின் உலகத்துல பெரிய பேரான வேவ்ஸ், 2023 மார்ச்ல இனிமே சப்ஸ்கிரிப்ஷன் மட்டும்தான்னு திடீர்னு அறிவிச்சாங்க. உலகம் முழுக்க இருந்த சவுண்ட் இன்ஜினியர்கள் விட்ட சத்தத்துல சில நாள்லயே பின்வாங்கி, ஒரே தடவை வாங்குற முறையையும் திரும்பக் கொண்டு வந்தாங்க. கத்தினா கேக்குது, அது ஒரு நல்ல செய்தி. ஆப்பிள் ரெண்டு பக்கமும் ஆடுறாங்க: மேக்ல லாஜிக் ப்ரோவை ஒரு தடவை வாங்கினவங்களுக்கு 2013-லிருந்து 2024-ல வந்த வெர்ஷன் 11 வரைக்கும் இலவசம், ஐபேட்ல அதே லாஜிக் 2023-ல வந்தப்பவே சப்ஸ்கிரிப்ஷன்.

எனக்குக் கேட்டா, டா-வை ஒரே தடவை வாங்கிடுங்க, பிளகினை வாடகைக்கு எடுங்க. பாட்டு குடியிருக்கிற வீடு டா, அதுக்கு வாடகை கொடுத்துக்கிட்டு இருக்கக் கூடாது. ஒரு ஷார்ட் ஃபிலிமுக்கு மட்டும் பெரிய பிளகின் தொகுப்பு வேணும்னா, ஒரு மாசம் எடுத்து, வேலை முடிஞ்ச அன்னைக்கே கேன்சல் பண்றது புத்திசாலித்தனம். ரென்ட்-டு-ஓன்னு ஒரு வழியும் இருக்கு. ஸ்ப்ளைஸ் தளத்துல 2016-லிருந்து சீரம் சிந்தசைசரை இப்படிக் கொடுத்தாங்க: மாசாமாசம் கட்டி, மொத்த விலை முடிஞ்சதும் உங்களோடது, நடுவுல நிறுத்தி வெச்சும் தொடரலாம். நம்ம ஊர் தவணை மாதிரிதான். 2025-ல சீரம் 2 வந்தப்போ பழைய சீரம் சொந்தமா வெச்சிருந்தவங்களுக்கு இலவசமாவே கொடுத்தாங்க.

காசே இல்லைன்னா கிராக் போடாதீங்க. வைரஸ் பயத்தை விடுங்க, அந்தப் பாட்டை நாளைக்கு எவன் கம்ப்யூட்டர்லயும் நிம்மதியா திறக்க முடியாது. எல்எம்எம்எஸ் இலவசம். ரீப்பரை 60 நாள் முழுசா ஓட்டிப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டுடியோ ட்ரையல்ல சேவ் ஆகும், ஆனா வாங்குற வரைக்கும் சேவ் பண்ணினதை மறுபடி திறக்க முடியாது. ஆரம்பிக்கும் முன்னாடியே இதைத் தெரிஞ்சுக்கோங்க.

எது வாங்கினாலும் பாட்டு முடிஞ்ச அன்னைக்கே ஒவ்வொரு டிராக்கையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தனித்தனி வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. எஃபெக்ட் போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை. மிடி ஃபைலும், டெம்போ எவ்வளவுன்னு ஒரு நோட்பேட் குறிப்பும் கூடவே. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல நாலு நிமிஷ ஸ்டீரியோ டிராக் சுமார் 69 எம்பி. இருபது டிராக்னா 1.4 ஜிபி கூட வராது, ஒரு பென்டிரைவ்ல எத்தனையோ பாட்டு அடங்கும். வேவ் ஃபைலைத் திறக்க எந்தக் கம்பெனியும் உங்ககிட்ட கார்டு நம்பர் கேக்காது. கூத்துப் பாட்டு பண்ணினவன்கிட்டயும் இதைத்தான் சொல்லியிருக்கேன், இந்த வாரம் உட்கார்றான்.

ஃபைனல் இயர் மக்களுக்கு இன்னொண்ணு: லைசென்ஸ் எல்லாம் எந்த மெயில் ஐடில பதிவாகியிருக்குன்னு இன்னைக்கே பாருங்க. காலேஜ் மெயிலா இருந்தா, அதை மூடுறதுக்குள்ள சொந்த மெயிலுக்கு மாத்திடுங்க. பாஸ்வேர்டு ரீசெட் லிங்க் அங்கதான் வரும்.