ஆரக்காலும் தாழியும்: புறநானூறு 256இல் வாழ்வும் இறப்பும்

சுரத்திடைக் கணவனை இழந்த பெண்ணொருத்தி, ஈமத்தாழியைத் தனக்கும் இடமுண்டாகும்படி அகலமாக வனையுமாறு மூதூர்க் குயவனை வேண்டுவது புறநானூற்றின் 256ஆம் பாடல். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. திணை பொதுவியல், துறை முதுபாலை. கணவனோடு சுரம் பல கடந்த தன்னை அவள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பற்றிய சிறு வெண்பல்லிக்கு ஒப்பிடுகிறாள். இவ்வுவமையைப் பெண்ணின் சார்புநிலை என்ற அளவில் நிறுத்திவிடுதல் பொருந்தாது. பல்லி வண்டியின்மேல் அமர்ந்து செல்வதன்று. சக்கரம் சுழலுந்தோறும் மேலும் கீழுமாய்த் தானும் சுழல்வது. வழியின் அலைவு முழுவதும் அதற்கும் உரியது.

வாழ்வுக்கு உவமை கூறியவள் இறப்புக்கு எதனையும் உவமையாக்கவில்லை. இறந்துபடுவேன் என்றும் சொல்லவில்லை. தாழியின் அளவை மட்டுமே பேசுகிறாள். ஆயினும் வனைதல் என்னும் வினை, பாடலில் பெயர் சுட்டப்படாத குயவனின் திகிரியை உள்ளே கொண்டுவருகிறது. இருவரையும் சுரத்தில் கொண்டுசென்ற வாழ்வும் சக்கரத்தால் உணர்த்தப்படுகிறது. இருவரையும் கிடத்தும் கலமும் சக்கரத்திலேயே உருப்பெறுகிறது. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய 228ஆம் பாடலில் இத்திகிரி வெளிப்படையாகவே வருகிறது. நிலத்தைத் திகிரியாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டு அவ்வேந்தனுக்கேற்ற தாழியை வனைய இயலுமோ என அங்கே குயவன் வினவப்படுகிறான். அத்தாழிக்கு அளவு வேந்தனின் புகழ். இப்பெண் கேட்பதோ தன் உடலுக்கும் போதுமான அகலம்.