மாதம் ஒருமுறை வரும் தொலைபேசி

வீட்டுக்குள் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போவோம்" என்று முதியவர் கேட்பது, டிமென்சியா எனப்படும் மறதிநோயில் அடிக்கடி காணப்படும் அறிகுறியாகும். சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பங்களுக்கு இக்கேள்வி இரட்டிப்பாக வலிக்கும். பதில் சொல்லிக் களைப்பது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்நோயாளரைப் பராமரிக்கச் செலவாகும் நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது.

இவர்களின் பாரத்தைக் குறைக்க என்ன செய்யலாம்? ஐக்கிய அமெரிக்காவில் கலிபோர்னியா, நெப்ராஸ்கா, ஐயோவா மாநிலங்களில் 780 குடும்பங்களிடையே நடந்த ஆய்வொன்றின் முடிவு 2019இல் வெளியானது. பின்னைய இரண்டும் சோளமும் சோயாவும் விளையும் கமக்காரப் பிரதேசங்கள். அங்கும் விசேட வைத்தியரைக் காண நெடுந்தூரம் போகவேண்டிய கிராமங்கள் உண்டு.

ஒரு பகுதிக் குடும்பங்களுக்குத் துணையாளர் ஒருவர் ஒழுங்கு செய்யப்பட்டார். அவர் வைத்தியரல்லர், இப்பணிக்கெனப் பயிற்றப்பட்டவர். ஏறக்குறைய மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, நோயாளரின் குளிசைகள், இரவு நடமாட்டம் முதலியவற்றை விசாரிப்பார். பராமரிப்பவரின் சுகத்தையும் கேட்பார். தமக்குத் தெரியாததைத் தாதி, சமூகசேவையாளர், மருந்தாளர் ஆகியோரிடம் கேட்டுச் சொல்வார்.

ஓராண்டின் பின் பார்த்தபோது, துணையாளர் கிடைத்த வீடுகளில் பராமரிப்போரின் மனச்சோர்வும் பாரமும் மற்றவர்களிலும் பார்க்கக் குறைந்திருந்தன. அவசர சிகிச்சைக்கு ஓடுவதும் குறைந்தது. நோய் மாறவில்லை, அதை மாற்றும் மருந்து இன்றும் இல்லை. தனியே கிடந்து யோசித்தவருக்குக் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவே. அதுவே பெரிய காரியமென்பது எமது எண்ணம்.

ஆனால் தொலைபேசி நோயாளரைக் குளிப்பாட்டாது, இரவில் விழித்திருக்காது. 2024 யூலையில் அந்நாட்டு அரசு தொடங்கிய எட்டாண்டுத் திட்டத்தில் இக்குறை ஓரளவு கவனிக்கப்பட்டுள்ளது. துணையாளரோடு, தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 2,500 டொலர் வரை மாற்றாள் வைத்து ஓய்வெடுக்கும் உதவியும் உண்டு.

எமக்கு அத்தகைய பணம் எங்கே? எனினும் சில காரியங்களுக்குப் பணம் வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகக் கேட்பவரோடு வாதாடாமல், அந்த வயலில் என்ன விதைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிலவேளை மனம் ஆறும். அண்ணன் தம்பிமார் கிழமையில் ஒரு பின்னேரத்தைக் குறித்துவைத்து வந்து இருக்கட்டும். "தேவையென்றால் கூப்பிடு" என்பது உதவியாகாது. கிளினிக்குக்குப் போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். உங்களுக்கு நித்திரையில்லை என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.