உடைக்காமல் உள்ளே பார்ப்பவர்கள்!

ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதிலுள்ள குச்சிகள் எல்லாம் நன்றாக எரியுமா என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால், மாலையில் விளக்கேற்ற அம்மா கேட்டால் கொடுக்க ஒரு குச்சிகூட மிஞ்சாது!

தீக்குச்சி போனால் போகட்டும். விமானத்தின் இறக்கையையும் ரயில் தண்டவாளத்தையும் உடைத்துப் பார்த்தா சோதிக்க முடியும்? பொருளுக்குச் சிறு சேதமும் வராமல் அதன் குறையைக் கண்டுபிடிப்பதற்கு, 'நான் டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங்' என்று பெயர். தொழிற்சாலைகளில் சுருக்கமாக 'என்.டி.டி.' என்பார்கள். தமிழில் 'சிதைவிலாச் சோதனை' எனலாம்.

பெயர்தான் புதுசு குட்டீஸ். மண்பானை வாங்கும்போது பாட்டி விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாரே, அதுவும் இதே வேலைதான். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல பானை. 'சொத்'தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. ரயில் சக்கரங்களையும் ஒரு காலத்தில் நீளமான பிடி போட்ட சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு விரிசல் அப்படி என்ன செய்துவிடும் என்கிறீர்களா?

1988ம் ஆண்டு ஏப்ரல் 28. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில், ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கிளம்பியது. போயிங் 737 ரகம். உள்ளே 95 பேர். 24 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தபோது, 'படார்!' விமானத்தின் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் வானம்! பயணிகள் சீட் பெல்ட் அணிந்திருந்ததால் தப்பினார்கள். நின்றபடி வேலை செய்துகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. விமானிகள் பக்கத்திலிருந்த மாவி தீவில் எப்படியோ விமானத்தை இறக்கிவிட்டனர்.

அந்த விமானம் அதுவரை 89 ஆயிரம் முறைக்கு மேல் பறந்து இறங்கியிருந்தது. உயரே போகும்போதெல்லாம் பயணிகள் மூச்சுவிட வசதியாக உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படும். இறங்கியதும் குறையும். பலூனை ஊதுவதும் காற்றை விடுவதும் போலத்தான். ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிந்துவிடும் அல்லவா? உலோகமும் அதே மாதிரி களைத்துப்போகிறது. உப்புக் காற்றின் அரிப்பு வேறு. ரிவெட் ஆணிகளின் துளை ஓரங்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றி, வளர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

இதில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அன்று விமானத்தில் ஏறும்போதே ஒரு பெண் பயணி, கதவுக்கு அருகில் ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை! அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அதைக் கண்டுபிடிப்பது சோதனையாளர்களின் வேலை. கருவியும் அப்போதே இருந்தது. மின்சாரம் பாயும் சின்னஞ்சிறு கம்பிச்சுருளை உலோகத்தின் மேல் நகர்த்தினால், உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். விரிசல் குறுக்கிட்டால் அந்த ஓட்டம் சுற்றிப் போகும். உடனே கருவியில் அளவு மாறும். இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகளைச் சலிக்காமல் பார்க்க வேண்டும். அதுதான் கஷ்டம்!

இதைவிட எளிய வழியும் உண்டு. வீட்டில் பழைய பீங்கான் கோப்பை இருந்தால் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் டீ இறங்கி, பழுப்புக் கோடு போட்டிருக்கும். 19ம் நூற்றாண்டு ரயில் பட்டறைகளில் இதையே செய்தார்கள். இரும்பு அச்சில் எண்ணெய் தடவி, துடைத்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு பூசுவார்கள். விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் மெல்லக் கசிந்து கறையாகக் காட்டிக்கொடுக்கும். இன்று எண்ணெய்க்குப் பதில் சிவப்புச் சாயம்.

தண்டவாளத்தின் உட்புறத்தைச் சோதிக்க அல்ட்ராசவுண்ட், அதாவது நம் காதுக்குக் கேட்காத ஒலி. வயிற்றிலுள்ள பாப்பாவை டாக்டர் ஸ்கேனில் பார்ப்பதும் இதனால்தான். எக்ஸ்-ரேயும் உண்டு. 1895ல் அதைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன், மனைவியின் கையை மட்டுமல்ல, தன் துப்பாக்கியையும் படம் பிடித்துப் பார்த்தவர்!

கொதிகலன் செய்யும் திருச்சி பெல் போன்ற தொழிற்சாலைகளில், வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்க இந்த வேலை தெரிந்தவர்கள் தேவை. விமானப் பராமரிப்பு, ரயில்வே, எண்ணெய்க் குழாய், பாலம் என்று எங்கும் வாய்ப்பு உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இதில் ஆராய்ச்சியே நடக்கிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ, அறிவியல் பட்டம், இன்ஜினியரிங், எது படித்தாலும் நுழையலாம். இயற்பியல் பிடித்திருந்தால் ரொம்ப நல்லது. பிறகு தனிப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். அதில் லெவல் 1, 2, 3 என்று மூன்று படிகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய சிதைவிலாச் சோதனைச் சங்கமும் பயிற்சி தருகிறது.

சொகுசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உயரத்தில் ஏற வேண்டும், இடுக்கில் நுழைய வேண்டும். கதிர்வீச்சு ஆபத்தானது என்பதால், எக்ஸ்-ரே சோதனையைப் பெரும்பாலும் மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, இரவில்தான் செய்வார்கள். சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் பட்டை கட்டாயம்.

இன்னொன்று. சான்றிதழ் வாங்கியவர்களும் ஆண்டுதோறும் கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். பொடிப்பொடி எழுத்துகளைக் கிட்டத்தில் வைத்துப் படித்துக் காட்டினால்தான் மறுபடி வேலைக்கு அனுமதி!