அடக்கமான அடியும் கார்வையும்: திருச்சி சங்கரன் வாசிப்பு பற்றிச் சில குறிப்புகள்

மைசூரில் விநாயக சதுர்த்தி வந்துவிட்டால் வாணி விலாஸ் மொகல்லா எட்டாவது கிராஸில் பந்தல் போட்டுக் கச்சேரி நடப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே ஓர் இரவு தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் வழக்கம்போல் பாதி நாற்காலிகள் காலியாயின. என் பேரன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நாலு வருஷமாக மிருதங்கம் கற்கிறவன். ஆனால் முகம் வாடியிருந்தது. அந்த வாரம் ஒரு போட்டியில் "வேகம் போதாது" என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மிருதங்கத்தை விட்டுவிட்டு டிரம்ஸ் வாசிக்கப் போகிறேன் என்று வீட்டில் பேச்சு.

மறுநாள் அவனுக்குத் திருச்சி சங்கரன் அவர்களின் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் கேட்டான். "என்ன தாத்தா, இவர் பாதி நேரம் சும்மாவே இருக்காரு!" என்றான். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் பலர் இருப்பதால் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

சங்கரன் 1942இல் லால்குடிக்கு அருகில் பூவாளூரில் பிறந்தவர். முதலில் உறவினர் பி.ஏ. வெங்கட்ராமனிடமும் பிறகு பழனி சுப்பிரமணிய பிள்ளையிடமும் கற்றார். இது புதுக்கோட்டைப் பரம்பரை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையிலிருந்து வருவது. கணக்குக்குப் பேர்போன வழி என்பார்கள். கணக்கு என்றதும் நம்மவர்கள் பயந்துவிடுகிறார்கள். ஆனால் பழனியைக் கேட்டவர்கள் முதலில் சொல்வது கணக்கை அல்ல, அவருடைய தொப்பியின் நாதத்தைத்தான். தொப்பி என்றால் இடந்தலை, ரவையைப் பிசைந்து ஒட்டும் பக்கம். அதில் கையை அழுத்தி இழுக்கும்போது புறா குமுறுவதுபோல் எழும் ஒலிக்குக் கும்கி என்று பெயர். பழனி இடக்கைக்காரர். அவருக்காக மேடையில் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்ததால் ஆரம்பத்தில் வாய்ப்புகள் தட்டிப்போயின. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்குத் துணை நின்றார்.

சங்கரன் வாசிப்பில் நான் கேட்பது இதுதான். பாடுகிறவர் ஒரு சங்கதியை இழைத்துக்கொண்டிருக்கும்போது வலந்தலையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கும்கி கொடுப்பார். பாட்டு அதன்மேல் மிதக்கும். அவர் வாசிக்கவில்லை என்பது அப்புறம்தான் நமக்கு உறைக்கும்.

பேரன் கேட்ட "சும்மா" எங்கே வருகிறது? ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை வீதம் 32 மாத்திரை. "ததிங்கிணதொம்" என்ற ஐந்து எழுத்துச் சொல்லை மூன்று தடவை வாசித்துச் சமத்தில் வந்து சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையிடையே இரண்டு மாத்திரை விட்டால் 5+2+5+2+5, ஆக 19. அப்படியானால் 13 மாத்திரை கழித்து எடுக்க வேண்டும். இடைவெளியை மூன்றாக்கினால் மொத்தம் 21, எடுக்கும் இடம் 11 மாத்திரைக்குப் பிறகு என்று மாறிவிடும். சொல் ஒன்றுதான். மாறியது நடுவில் உள்ள மௌனம். அதற்குக் கார்வை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். சும்மா இருப்பதற்கும் கணக்கு உண்டு. வேகத்தில் அடிக்கிறவன் இந்த இடத்தை நிரப்பிவிடுவான். சங்கரன் அதை அப்படியே விட்டுவைப்பார்.

இது நம்மிடம் மட்டுமே உள்ள குணம் என்று பெருமை பேச வேண்டாம். அமெரிக்க ஜாஸ் உலகில் பால் மோஷியன் (1931–2011) என்றொரு டிரம்மர் இருந்தார். 1961இல் நியூயார்க் வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் பில் எவன்ஸின் பியானோவுக்கு அவர் வாசித்த பதிவை என் மருமகன் கொண்டுவந்து கொடுத்தான். தாளத்தை இடித்துச் சொல்லாமல் சிம்பலில் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போகிறார். பின்னாளில் நிறைய இயற்றவும் செய்தவர். "டிரம்ஸ்தானே கேட்டாய், இதைக் கேள்" என்று பேரனிடம் கொடுத்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சங்கரன் 1971இல் கனடா சென்று டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நாம் அன்போடு அழைத்த ஜான் ஹிக்கின்ஸும் அவரும் சேர்ந்துதான் அங்கே கர்நாடக இசைப் படிப்பைத் தொடங்கினார்கள். தாளம் போடவே தெரியாத மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது? முதலில் சொற்கட்டை வாயால் சொல்ல வேண்டும். கை வாத்தியத்துக்குப் போவது அப்புறம். தமிழே தெரியாத பிள்ளைகள் தகதிமி சொன்னார்கள். பிற்பாடு அவர் கொன்னக்கோல் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அங்கேதான் இயற்றவும் ஆரம்பித்தார். இந்தோனேசியாவின் வெண்கல வாத்தியக் குழுவான கேமலானுக்கு அவர் எழுதிய படைப்புகள் உண்டு. அந்த இசையில் பெரிய காங் ஒலித்தால் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம். நமக்குச் சமம் தொடக்கம், அவர்களுக்குக் காங் முடிவு. இந்த இரண்டையும் ஒரே புள்ளியில் சந்திக்க வைப்பது ஒரு மிருதங்கக்காரருக்குத் தோன்றக்கூடிய விஷயம்தான் என்று நினைக்கிறேன். அவருடைய மகள் சுபா சங்கரன் 'ஆட்டோரிக்ஷா' என்ற குழுவில் ஜாஸும் நம் சங்கீதமும் கலந்து பாடுகிறார்.

2011இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி அளித்தது. தாள வாத்தியக்காரர்களுக்கு அது அபூர்வமாகக் கிடைப்பது. முதலில் பெற்றவர் பாலக்காடு மணி ஐயர், 1966இல்.

மைசூர்க்காரர்களுக்குச் சௌடய்யா ஞாபகம் வரும். மைக் இல்லாத காலத்தில் பெரிய சபைக்குக் கேட்க வேண்டும் என்று நாலு தந்தி வயலினை ஏழு தந்தியாக்கியவர். அன்று அந்த ஒலி தேவைப்பட்டது. இன்று மைக் வந்த பிறகும் ஏன் எல்லோரும் உரக்கவே வாசிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

பேரன் இன்னும் மிருதங்கத்தை விடவில்லை. டிரம்ஸ் ஆசையும் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஏழு எழுத்துச் சொல்லை வைத்து, நாலு மாத்திரைக் கார்வை விட்டு, தானே ஒரு கோர்வை கட்டிக்கொண்டு வந்தான். 7+4+7+4+7, ஆக 29. மூன்று மாத்திரை தள்ளி எடுக்க வேண்டியதை இரண்டிலேயே எடுத்துவிட்டான். சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னால் வந்து விழுந்தது. "எங்க தாத்தா தப்பு?" என்று கேட்டான். "நீ வாசிச்சதில இல்லடா, முன்னாடி விட்டதில" என்றேன். விரலை மடக்கி மறுபடி எண்ண ஆரம்பித்தான்.